திரிந்த பால்

'பாலாடைக்கட்டி' என்னும் சொல்லின்மேல் எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. மேனாட்டார் 'சீஸ்' என்று வழங்கும் பொருளுக்கு நம்மவர் அந்தப் பெயரை இட்டனர். பாலாடை என்பது யாது? காய்ச்சிய பால் ஆறும்பொழுது மேலே படியும் ஏடு. சீஸோ அந்த ஏட்டினால் ஆவதன்று. பாலைத் திரியவைத்து, நீரை வடித்து, எஞ்சிய கட்டியை உப்பிட்டுப் பக்குவம் செய்வது. ஆடைக்கும் அதற்கும் உள்ள உறவு வெகு தொலைவு. 'திரிந்த பால்' என்று உண்மையைச் சொல்ல நாக்கூசி, 'ஆடை' என்ற நல்ல சொல்லால் அதனைப் போர்த்திவிட்டார்கள் என்றே நான் எண்ணிவந்தேன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவனுக்கு இத்தகைய வழக்குகள் பல இருக்கும். வீட்டார் அவற்றைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டனர்.

சென்ற ஆண்டு இந்த வழக்கில் நான் தோற்றேன். என் மகள் ஒரு மாலை வேலையிலிருந்து திரும்பும்பொழுது கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வாங்கி வந்தாள். அதனுள்ளே கலங்கல் நீரில் வெண்ணிற உருண்டை ஒன்று அமிழ்ந்து கிடந்தது. அதன் தலைப்பில், குடுமி முடிந்தாற்போல ஒரு முடிச்சு. "அப்பா, இதுக்குப் பேரு புர்ராட்டா. இத்தாலியிலேருந்து விமானத்துல வந்தது. இந்தக் கட்டிக்குள்ளே நிசமாவே பாலாடை இருக்கு, பாருங்க" என்றாள். தட்டில் வைத்துக் கத்தியால் கீறினாள். மேல்தோல் விரிந்தது, உள்ளிருந்து நுரைத்த பாலேடும், அதனுடன் நூல் நூலாகக் கிழிந்த வெள்ளைக் கட்டியும் மெல்ல வழிந்து தட்டை நிறைத்தன. புளிப்பில்லை, உப்பும் மிகக் குறைவு. கறந்த பாலின் மணமும் வெண்ணெயின் கொழுமையும் ஒருங்கே இருந்தன. மேலே கட்டி, உள்ளே ஏடு. பெயரிட்ட பெரியோர் இந்த ஒன்றையேனும் கண்டுதான் பெயரிட்டார்களோ என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

எதிரே என் அத்தை அமர்ந்திருந்தார். என் தந்தையின் தங்கை, எண்பதை நெருங்கும் வயது, மணமாகாதவர், எங்களுடனேயே வாழ்பவர். அவர் தட்டைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என்னை நோக்கி, "ஏன் தம்பி, இது திரிஞ்ச பால்தானே?" என்று கேட்டார்.

சிறு கேள்விதான். ஆயினும் அதற்கு விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைச் சொல்வதற்கே இதனை எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பண்டத்தைப் பற்றியும், எங்கள் சிராங்கூனைப் பற்றியும் சொல்லவேண்டியவை சில உள்ளன.

இத்தாலி நாட்டின் உருவம் ஒரு காலணியை ஒக்கும் என்பர். அந்தக் காலணியின் குதிகாலை அடுத்த பகுதி புல்யா. அங்கே ஆந்திரியா என்றோர் ஊர் (நம் ஆந்திரம் அன்று; ஓசை ஒற்றுமையே உள்ளது). அந்த ஊருக்குத் தெற்கே ஒரு குன்றின்மேல், 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிரடெரிக் என்னும் பேரரசன் கட்டிய எண்கோணக் கோட்டை நிற்கிறது. அந்த வட்டாரத்துப் பண்ணை ஒன்றிலேதான், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், லொரென்சோ பியாங்கீனோ என்பவர் புர்ராட்டாவை முதலிற் செய்தார் என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். பெரும்பனி பெய்து வழி அடைபட்டது. கறந்த பாலை நகரத்துக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. பாலின் மேல் படிந்த ஏடு வீணாகும் நிலை. மோட்ஸரெல்லா என்னும் கட்டியைச் செய்தபின் எஞ்சிய துணுக்குகளும் கிடந்தன. அவர் துணுக்குகளைக் கிழித்து ஏட்டில் கலந்தார்; அந்தக் கட்டியினாலேயே ஒரு பை செய்து அதற்குள் இட்டு முடிந்தார். வெண்ணெயைக் கட்டிக்குள் பொதிந்து காக்கும் பழைய வழக்கம் அந்நாட்டில் முன்னமே உண்டு. அதனைக் கண்டே இதனைச் செய்தார் என்பது அவர்கள் கூற்று. 'புர்ரோ' என்றால் அவர்கள் மொழியில் வெண்ணெய். அதிலிருந்து வந்தது புர்ராட்டா என்னும் பெயர். உள்ளே இடும் கிழிசற் கலவைக்கு ஸ்ட்ராச்சத்தெல்லா என்று பெயர். 'ஸ்ட்ராச்சோ' என்றால் கந்தல் துணி. எனவே வெண்ணெயும் கந்தலும் சேர்ந்ததே இந்தச் சீமைப் பண்டம். ஏழையின் சமையலறையில் பிறந்த பொருள்கள் பின்னாளில் செல்வர் மேசையில் ஏறுவது உலகெங்கும் உள்ளதே. 2016ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் 'ஆந்திரியாப் புர்ராட்டா' என்னும் பெயருக்குப் புவிசார் உரிமையும் வழங்கிவிட்டது.

அதனைச் செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பின்னால் வரும் செய்திக்கு அது தேவை. பசுவின் பாலை இளஞ்சூடாக்கிப் புளிப்பூட்டுவர். பலர் இதற்கு முந்திய நாள் வடித்த தெளிநீரில் ஒரு பங்கை எடுத்து வைத்திருந்து ஊற்றுவர். நம் வீட்டுப் பெண்டிர் உறைமோர் எடுத்து வைப்பதுபோல என்க. பிறகு உறைபொருள் சேர்ப்பர். பழைய வழக்கப்படி அது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது; இக்காலத்தில் நுண்ணுயிரிலிருந்து பெறுவதும் உண்டு. (என் மகள் வாங்கி வந்ததில் இரண்டாம் வகையே என்று டப்பாவின்மேல் அச்சிட்டிருந்தது. புலால் உண்ணாத நாள்களை அத்தை தவறாது காப்பவராதலின் இதனை முதலிற் பார்த்துக்கொண்டேன்.) பால் உறைந்ததும் அதனைச் சிறு துண்டுகளாக அறுத்து, வடிந்த நீரிலேயே சில மணி நேரம் புளிக்க விடுவர். இதுவே உயிர்நிலை. பாலின் புரதத்தைப் பிணைத்து நிற்பது சுண்ணாம்புச் சத்து. புளிப்பு ஏற ஏற அது கரைந்து வெளியேறுகிறது. உரிய அளவு வந்ததும் கொதிக்குமுன் நிலையிலுள்ள வெந்நீரை ஊற்றிக் கட்டையால் கிளறினால், அதுவரை உதிரியாக இருந்த கட்டி, பிசைந்த மாவுபோல் இளகி, இழுக்க இழுக்க நாராக நீளும். சற்று முந்தினால் முறியும். சற்றுப் பிந்தினால் கரையும். நீண்டதைத் தகடாக்கிப் பையாக வளைத்து, ஏட்டையும் கிழிசலையும் நிரப்பி, வாயை முறுக்கி முடிந்து குளிர்நீரில் விடுவர். அந்த ஒரு முடிச்சைப் போடும் கைக்குப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும்.

முற்காலத்தில் இந்த உருண்டையைக் காட்டில் விளையும் ஆஸ்ஃபோடல் என்னும் பூண்டின் பச்சை இலைகளில் சுற்றி விற்றனர். இலை பச்சையாய் இருக்கும்வரை உள்ளே இருப்பதும் புதியது. இலை வாடினால் வாங்குவோர் கையை எடுத்துவிடுவர். அச்சிட்ட தேதியைக் காட்டிலும் இஃது எவ்வளவு நேர்மையான முத்திரை! வாழையிலைத் துண்டில் வெண்ணெய் வாங்கிய நமக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை. செய்த இரண்டொரு நாளுக்குள் உண்பதே சிறப்பு என்பர். ஆறாயிரம் மைலுக்கு இப்பால் எங்கள் வீட்டுத் தட்டில் வழிந்தது எத்தனையாம் நாளினதோ, அந்த ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை.

இனிச் சிராங்கூன். எங்கள் அடுக்குமாடி வீடு பஃபலோ ரோட்டில் உள்ளது. எருமைச் சாலை என்பது பொருள். அடுத்த தெரு கெர்பாவ் ரோடு. மலாய் மொழியிலும் அதுவே எருமை. சற்றுத் தள்ளி லெம்பு ரோடு. லெம்பு என்றால் மாடு. நான் 1960இல் பிறந்த மருத்துவமனையின் பெயர் கண்டாங் கெர்பாவ், அஃதாவது எருமைத் தொழுவம். 1966இல் அந்த ஒரே மருத்துவமனையில் முப்பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தனவாம். இந்நகரத்தில் என் வயதினர் பலரும் எருமைத் தொழுவத்தில் பிறந்தவர்களே என்று வகுப்பில் நான் சொல்லும்போது மாணாக்கர் சிரிப்பர். ஆனால் எருமை எங்கே என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே ரொச்சோர் ஆற்று நீரும் புல்லும் மிகுந்திருந்தன. மாட்டு வாணிகம் செழித்தது. செக்கும் மாவரைக்கும் ஆலையும் மாட்டின் வலிமையால் சுழன்றன. கல்கத்தாவில் குடியேறிய வெனிஸ் நகர யூதக் குடும்பத்தைச் சேர்ந்த பெலிலியோஸ் என்பவர் இங்கே மாட்டு வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார். பெலிலியோஸ் ரோடு அவர் பெயரையே தாங்குகிறது. இத்தாலிக்கும் சிராங்கூன் மாட்டுத் தொழுவத்துக்கும் இப்படியொரு பழந்தொடர்பு உண்டென்று மகளிடம் சொன்னேன். அவள் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாடுகளை மேய்க்கவும் கறக்கவும் தமிழரும் வட இந்தியரும் வந்து தங்கினர். நகராட்சி, துப்புரவு விதிகளைக் கடுமையாக்க, 1930களில் தொழுவங்கள் இவ்விடத்தை விட்டு அகன்றன. மாடு போயிற்று; மாட்டின் பெயர் தெருவில் தங்கிற்று.

மாடு போனாலும் பால்காரர் போகவில்லை. என் தாத்தா அவர்களுள் ஒருவர். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். நகரத்துக்கு வடக்கே ஒரு கம்பத்தில் கொட்டகை போட்டுப் பதினொரு மாடுகள் வைத்திருந்தார். குடும்பமோ சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீடொன்றின் மாடியில் இரண்டு அறைகளில் வாழ்ந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சென்று கறப்பார். இரண்டு பால் கேன்களைச் சைக்கிளின் இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு, கால்படி அரைப்படியாக வீடு வீடாக ஊற்றிக்கொண்டே வந்து, வெயில் ஏறியபின் வீடு சேர்வார். பாலில் நீர் கலப்பவர் என்று பால்காரரை ஊர் முழுவதும் பழித்த காலம் அது. அந்தப் பழியில் உண்மை அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். தாத்தா கலக்கமாட்டார். "மாடு கொடுத்ததை நான் ஏண்டா திருத்தணும்?" என்பார். அதனாலேயே அவர் கடைசிவரை இரண்டு அறைகளை விட்டு மூன்றாம் அறைக்குப் போகவில்லை.

1967ஆம் ஆண்டு தை மாதம். அத்தைக்கு இருபது வயது. ஜொகூரிலிருந்து பெண் பார்க்க வந்தனர். மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர்; அந்நாளில் பால்காரர் மகளுக்கு அது பெரிய இடம். பாட்டி முந்திய நாளே தரையைக் கழுவிக் கோலமிட்டார், கேசரி கிளறினார். காப்பிக்கென்று தாத்தா, அன்று காலையில் முதலில் கறந்த பாலைத் தனிச் செம்பில் கொண்டுவந்து வைத்திருந்தார். வந்தவர் பாயில் அமர்ந்தனர். மாப்பிள்ளையின் தாயார் மட்டும் 'பெண்ணைப் பார்க்கிறேன்' என்று எழுந்து சமையலறை வாயிலில் வந்து நின்றார். ஸ்டவ்வின்மேல் பால் காய்ந்துகொண்டிருந்தது. பாட்டி அதனையே பார்த்திருந்தார். பொங்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார் போலும். பால் பொங்கவில்லை. சட்டியின் நடுவே முதலில் ஒரு நடுக்கம். பிறகு மஞ்சள் கலந்த நீர் ஒருபுறமும், வெள்ளைத் திப்பிகள் ஒருபுறமுமாகப் பிரிந்தது.

யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை. பாட்டி சட்டியை எடுத்துச் சென்று சாக்கடையில் கவிழ்த்தார். என் தந்தை கீழே காப்பிக் கடைக்கு ஓடினார். டின் பால் வந்தது. சிங்கப்பூரின் பால்காரர் வீட்டில், சீமையிலிருந்து தகரத்தில் வந்த பாலில் காப்பி கலந்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுத்தோம். அவர்கள் பாதி குடித்தனர். "போய்ச் சொல்லி அனுப்புகிறோம்" என்றனர். சொல்லி அனுப்பவில்லை.

செய்தி மட்டும் பரவிற்று. 'பால்காரன் வீட்டிலேயே பால் திரிந்ததாம்' என்பது சொல்லச் சொல்ல இனிக்கும் செய்தியன்றோ? அதன்பின் இரண்டு இடங்கள் வந்தன. இரண்டும் வாயிலோடு நின்றன. பாட்டி மூன்றாவதாக எவரையும் அழைக்கவில்லை. அத்தை தையல் கற்றார். கடைவீட்டின் ஐந்தடிப் பாதையில் ஒரு தையல் இயந்திரத்தை இட்டு, ரவிக்கையும் பாவாடையும் தைத்து, என் படிப்புக்கும் என் தங்கையின் திருமணத்துக்கும் பணம் கொடுத்தார். தாம் தைத்த கூறைப்புடவை ரவிக்கைகளுக்குக் கணக்கே இல்லை என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

நேயர்களே, அந்தப் பால் ஏன் திரிந்தது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

எனக்கு அப்பொழுது ஏழு வயது. விருந்தினர் வருமுன் அம்மா எனக்கு எலுமிச்சைச் சர்பத் கொடுத்திருந்தார். அதனைக் குடித்த பித்தளை டம்ளர் கையில் இருந்தது. சமையலறையில் எவரும் இல்லாத நேரம் பார்த்து, தனியாக வைத்திருந்த செம்பில் அந்த டம்ளரை அமிழ்த்தி, மொண்டு, ஒரே மூச்சில் குடித்தேன். தாத்தாவின் பாலைப் பச்சையாகக் குடிப்பதில் எனக்கு அளவிலாத ஆசை. டம்ளரின் அடியில் நின்ற எலுமிச்சைச் சாறும் கொட்டைகளும் செம்பில் கலந்தன. கொட்டைகளை விரலால் எடுத்துவிட்டேன். சாற்றை எடுக்க யாரால் இயலும்? அதுவுமன்றி, கறந்து ஆறு மணி நேரம் ஆன பால். இந்நாட்டு வெப்பத்தில் அது முன்னமே சிறிது புளித்திருக்கும். அடுப்பில் ஏறியதும் நடப்பது நடந்தது.

அது திரிந்தபோது நான் கதவின் பின்னால் நின்றிருந்தேன். அடிக்கு அஞ்சி வாய் திறக்கவில்லை. பதினான்கு வயதில் பள்ளியில் அறிவியல் ஆசிரியர், பாலில் எலுமிச்சைச் சாற்றை விட்டுக் காட்டி, பாலின் புரதத் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்பதனால்தான் பால் பாலாக இருக்கிறது. புளிப்பு அந்த விலக்கத்தை நீக்கினால் அவை ஒன்றுகூடித் திரளும். சூடு அதனை விரைவுபடுத்தும் என்று விளக்கினார். வகுப்பில் எல்லோரும் வேடிக்கை பார்த்தனர். எனக்குக் கை நடுங்கிற்று. அன்று மாலையேனும் வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பின்பு இளைஞனாகி, தமிழ் மன்றங்களில் மூடப்பழக்கத்தைச் சாடிப் பேசத் தொடங்கினேன். 'பால் திரிந்ததற்காக ஒரு பெண்ணின் வாழ்வைத் திரித்தவர்கள் இந்நகரில் உண்டு' என்று மேடையில் முழங்கினேன், கைதட்டல் கிடைத்தது. டம்ளரைப் பற்றி அங்கேயும் சொல்லவில்லை.

சகுனத்தைக் குறை சொல்ல எனக்கு எந்த அளவு உரிமை உண்டோ அறியேன்; ஆயினும் சொல்கிறேன். தமிழர் பாலின் புளிப்புக்கு அஞ்சியவர் அல்லர். நாள்தோறும் இரவில் பாலுக்கு உறை ஊற்றுகிறோம், காலையில் அது தயிராகத் திரண்டிருந்தால் மகிழ்கிறோம், கடைந்து வெண்ணெய் எடுக்கிறோம், நெய் உருக்குகிறோம். அங்கே புளிப்பு நம் ஏவலாள். அதே புளிப்பு அழையாமல் வந்தால் மட்டும் அது தெய்வத்தின் சொல்லாகிவிடுகிறது. அப்பொழுதும் அந்தச் சொல் பாலைப் பற்றியோ, செம்பைப் பற்றியோ, வெயிலைப் பற்றியோ அன்று; வாயிற்படியில் தலை கவிழ்ந்து நிற்கும் பெண்ணைப் பற்றியது என்று எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது! மாப்பிள்ளை நுழைந்தபோது திரிந்த பால், மாப்பிள்ளையின் குணத்தைச் சொல்லிற்று என்று ஒருவராவது கூறியதுண்டா?

திரிந்த பாலை வீணாக்காத தமிழ் வீடுகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. வெல்லமிட்டுச் சுண்டக் கிளறி, ஏலம் தூவிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். ஆனால் விருந்தினர் முன் வைக்கமாட்டார்கள். வங்காளியர் அந்தக் கூச்சத்தை எப்பொழுதோ விட்டவர்கள். பாலைத் திரித்துப் பெறும் சானாவே அவர்கள் சந்தேசுக்கும் ரசகுல்லாவுக்கும் முதல். லெம்பு ரோட்டுப் பக்கம் ஞாயிறு மாலைகளில் வங்காளத் தொழிலாளர் கூடுவர். அங்குள்ள கடைகளில் அந்த இனிப்புகளை வாங்கித் தட்டேந்தி நின்று உண்பதைப் பார்க்கிறேன். திருமணம் என்றால் அந்த இனிப்பு இல்லாமல் அவர்களுக்கு நடவாதாம்.

இனி அன்றைய மாலைக்கு வருகிறேன்.

"ஏன் தம்பி, இது திரிஞ்ச பால்தானே?" என்று அத்தை கேட்டார். நான் விடை சொல்லாதது கண்டு மகள் முந்திக்கொண்டாள். "ஆமா பாட்டி. ஆனா வேணும்னே திரிக்கிறாங்க. புளிக்க வச்சு, வெந்நீர் ஊத்தி, இழுத்துத் துணி மாதிரி ஆக்கி..." என்று கைகளால் இழுத்துக் காட்டினாள். அத்தை தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். உண்பதற்கு முன் முடிச்சை இரண்டு விரல்களால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "முடிச்சு நல்லாப் போட்டிருக்கான். தையலே இல்லாம நிக்குது பாரு" என்றார். தையற்காரர் கண் அது. பிறகு ஒரு கரண்டி உண்டார். மறுபடியும் உண்டார். "எங்கப்பா மாட்டுப் பால் ஏடு மாதிரி இருக்கு" என்றார்.

அவ்வேளையில் சொல்லிவிட்டேன். ஏன் அந்த வேளையில் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. சர்பத்தையும், டம்ளரையும், கதவின் பின்னால் நின்றதையும், ஏழு வயது முதல் ஏந்திவந்த எல்லாவற்றையும் அவர் முன் இறக்கி வைத்தேன். என் மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தை கரண்டியைத் தட்டில் வைத்தார். வெகு நேரம் பேசவில்லை. அழுவார் என்று அஞ்சினேன். 'போகட்டும் விடு' என்று சொல்வார் என்று, உண்மையைச் சொன்னால், எதிர்பார்த்தும் இருந்தேன்.

"என்னை விடு," என்றார் கடைசியில். "எங்கம்மா அதுக்கப்புறம் ஒரு நல்ல நாளுக்கும் பால் வச்சதில்லை, உனக்கு ஞாபகம் இருக்கா? பொங்கலுக்குக் கூடப் பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு அடுப்புல ஏத்தச் சொல்லுவாங்க. தன் கைதான் ராசியில்லாத கைன்னு நெனச்சே செத்தாங்க. நீ அவங்ககிட்டச் சொல்லியிருக்கணும்டா."

பாட்டி இறந்தது 1984இல். பதினேழு பொங்கல். ஒவ்வொரு பொங்கலன்றும் பக்கத்து வீட்டம்மா வந்து பால் வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாளின் கை ராசியான கை என்று பாட்டி சொல்லக் கேட்டும் இருக்கிறேன். அதனை இதனோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. அத்தையின் வாழ்வைப் பற்றியே என் மனம் உறுத்திற்று. மேடையில் பேசியதும் அதனைப் பற்றித்தான். பாட்டியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அத்தை எழுந்து தட்டில் எஞ்சியதை என் மகளுக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தார். அந்தப் பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவித் துடைத்து, தம் ஊக்குகளையும் பித்தான்களையும் அதில் கொட்டிக்கொண்டார். இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பி வந்தது, பேச்சு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை. கீழே தேக்காச் சந்தைக்கு வண்டிகள் வந்து சரக்கு இறக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை அடுப்பில் பாலை ஏற்றினார். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, பாலைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் அடுப்பருகே போய் நின்றுகொண்டேன்.